போகையிலும் இறக்கம், வருகையிலும் இறக்கம்

பூவாத்தாள் லாரி ஓட்டினால் ரோடு இறக்கமாகிவிடும். மைசூரிலிருந்து நரசீபுரத்துக்குப் போகும்போதும் இறக்கம், நரசீபுரத்திலிருந்து மைசூருக்குத் திரும்பும்போதும் இறக்கம். 1943ஆம் வருஷம், சண்டைக்காலத்தில், ராகியையும் மண்ணெண்ணெயையும் ரேஷன் கடையில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது இது தொடங்கியது. அந்த வருஷம் நஞ்சன்கூட்டு வாழை நன்றாக விளைந்தது. மண்டி மொஹல்லாவில் வெல்லம் விலை ஏறி, தீபாவளிக்குப் பிறகு இறங்கியது. பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் ஊரிலிருந்த லாரிகள் எல்லாம் முதுகில் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு, அதில் அடுப்புக்கரி எரித்து, அந்தப் புகையில் ஓடின. இவற்றோடு ரோடு சாய்ந்ததையும் ஊர் ஒரு செய்தியாக வாங்கி வைத்துக்கொண்டது. கூட்டம் கூடியது அதைப் பார்க்க அல்ல, ஒரு பொம்பளை ஸ்டீரிங் பிடிப்பதைப் பார்க்க.

பூவாத்தாளுக்குச் சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம், மானாவாரிக் காடு. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் புருஷனோடு மைசூருக்கு வந்து ரோடு போடும் கும்பலில் சேர்ந்தாள். அவன் காலராவில் போய்விட்டான். அவள் கும்பலோடேயே இருந்துவிட்டாள். ஜல்லி உடைப்பாள், கூடையில் சுமந்து பரப்புவாள், தார் காய்ச்சி ஊற்றுவாள். தலையில் துணி சுற்றி, உள்ளங்கையில் ரப்பர்த் துண்டு கட்டிக்கொண்டு கல் உடைக்கும் அந்தப் பெண்களில் அவளுக்கு நெருக்கமானவள் மாரக்காள் என்கிற மூத்தவள். இருவரும் ஒரே குடிசையில் இருந்தார்கள். பூவாத்தாளுக்கு ஒரு ஆசை உண்டு, அதைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். கும்பலுக்குக் கொடுக்கப்பட்ட துண்டு முடிந்ததும் மேஸ்திரி கூடாரத்தைப் பிரித்து வேறு ரோட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார். அதனால் தான் போட்ட ஒரு ரோடாவது எங்கே போய் முடிகிறது என்று அவள் பார்த்ததில்லை. "எங்கயோ போய் முடியத்தான போகுது?" என்று மாரக்காளிடம் கேட்பாள். "அதெல்லாம் போறவங்க பாத்துக்குவாங்க, நீ கல்ல ஒடை" என்பாள் மாரக்காள்.

கும்பலுக்குக் கல் கொண்டுவந்து கொட்டியது பசவராஜ் என்பவருடைய லாரி. பசவராஜ் லிங்காயத்துக்காரர். சந்தைப்பேட்டையில் வீடு, வீட்டை ஒட்டி ஒரு ஷெட். அவரிடம் வேலை பார்த்த இரண்டு டிரைவர்களும் கூடுதல் சம்பளம் கிடைக்கிறதென்று ஒருவர் பின் ஒருவராகப் பட்டாளத்துக்குப் போனார்கள். பசவராஜுக்கே ஓட்டத் தெரியும், ஆனால் இடது முழங்கால் மடங்காது, கிளச்சை மிதிக்க முடியாது. லாரி ஷெட்டில் நின்றது. சீட்டில் கோழிகள் முட்டையிட்டன. கல் வராமல் கும்பலுக்கும் வேலை நின்றது. ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்த பூவாத்தாள், ஒரு காலையில் எழுந்து முகம் கழுவி, சந்தைப்பேட்டைக்கு நடந்துபோய் பசவராஜின் முன்னால் நின்றாள்.

"எனக்கு லாரி ஓட்டச் சொல்லித் தாங்க, எசமாங்க."

பசவராஜுக்குத் தமிழ் வரும், பாதிக் கன்னடம் கலந்து வரும். "பேடா பூவாத்தா, வேண்டாம். ஹெங்கசு, பொம்பளை, லாரி ஓட்டினா ஊரே நகும். என்னைப் பாத்து நகும்."

"லாரியில கோழி முட்டை வைக்கிறதப் பாத்து இப்பவே சிரிக்கிறாங்களாமுங்க."

பசவராஜ் வெற்றிலையை மென்றுகொண்டு அவளுடைய கையைப் பார்த்தார். கல் உடைத்துத் தடித்த கை. எஞ்சின் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றும்போது அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அவருடைய பழைய டிரைவர் ஒருவனுக்குப் போயிருக்கிறது. "மொதல்ல இதைச் சுத்து, நோடோணா, பாப்போம்" என்று ஹேண்டிலைக் கொடுத்தார். பூவாத்தாள் சுற்றினாள். அது திருப்பி அடிக்கவில்லை. கோழிகள்தான் கத்திக்கொண்டு இறங்கின.

பயிற்சி தொட்டகெரே மைதானத்தில் நடந்தது. கரி அடுப்பைப் பற்ற வைத்து, காற்றடித்து, புகை நிறம் மாறும்வரை காத்திருப்பதில் பாதிக் காலை போய்விடும். பிறகு கிளச், கியர், மறுபடி கிளச். ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் பல் நொறுங்குகிற சத்தம் கேட்கும். அதை அவள் மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டாள். தொல்லை வேறாக இருந்தது. சுண்ணாம்பு போட்டுச் சமன் செய்தது போன்ற அந்த மைதானத்தில், பூவாத்தாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் லாரி முன்னால் உருண்டது. எஞ்சினை அணைத்தும் உருண்டது. பசவராஜ் முதலில் நிலம் உள்வாங்கிவிட்டது என்று நினைத்தார், ஒரு காலத்தில் அது ஏரியாக இருந்த இடம். லாரியை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். அப்போதும் முன்னால்தான் உருண்டது. வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொல்லி, டயருக்கு முன்னால் தரையில் வைத்துப் பார்த்தார். லாரி நிற்கும்போது பழமும் நின்றது. பூவாத்தாள் நகர்த்தியதும் பழம் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் மைதானத்து வேலியில் மோதியது. பசவராஜ் பழத்தை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி. அப்படீன்னா நீ மொதல்ல பிரேக் கலி" என்றார். கலி என்றால் கற்றுக்கொள்.

அந்த மாதங்களில் அவள் கற்றதெல்லாம் நிறுத்துவதைத்தான். மற்றவர்கள் ஏற்றத்தில் தவித்துத் தவித்து எஞ்சினைப் பழகினார்கள். பூவாத்தாளுக்கு எஞ்சினோடு அதிகச் சோலி இருக்கவில்லை. கால் கிளச்சை மிதித்தது, கை கியரைக் குறைத்து வேகத்தைப் பிடித்து, பிரேக் கம்பியை இழுத்தது, மூக்கு பிரேக் கருகும் வாசனையை முன்கூட்டியே அறிந்தது. கல் வேலைக்குச் செருகுவதுபோலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏறி உட்காருவதைப் பார்க்க மைதானத்து வேலியோரம் ஜனங்கள் நின்றார்கள். காக்கி நிஜார் போடச் சொன்னார் ஒருவர். பொம்பளை ஓட்டினால் மழை வராது என்றார் இன்னொருவர். அன்று சாயங்காலமே மழை பெய்தது. ரோடு ஏன் சாய்கிறது என்பதற்கு, அவள் கையால் கல் பரப்பிய ரோடுகள் அவளை மதிக்கின்றன என்று மேஸ்திரி ஒரு காரணம் சொன்னார். அது சரியில்லை. அவள் பரப்பாத ரோடும் சாய்ந்தது, ரோடே இல்லாத மைதானமும் சாய்ந்தது.

பசவராஜைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் நெடுந்தூர ஓட்டம் கொள்ளேகாலத்துக்கு. ராகி மூட்டை ஏற்றிப்போய்ப் பட்டுக்கூடு ஏற்றிவர வேண்டும். எல்லையில், மகாராஜாவின் சீமை முடிந்து வெள்ளைக்காரனின் சென்னை மாகாணம் தொடங்குகிற இடத்தில், சுங்கக் காவல்காரர்கள் மூட்டைகளைப் பார்க்க மறந்து அவளையே பார்த்தார்கள். அவள் கல் உடைத்த ரோடு அது. அதன் முடிவைப் பார்க்கப் போகிறோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். கொள்ளேகாலத்துக் கடைவீதியில் அந்த ரோடு மூன்றாகப் பிரிந்து மூன்று பக்கமும் போயிற்று. பூவாத்தாள் லாரியை நிறுத்தி, இறங்கி, மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னவென்று பசவராஜ் கேட்டதற்கு, "முடியவே இல்லீங்களே" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெகு சீக்கிரத்தில் அவள் புறப்படும் நேரம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்குப் பின்னால் போகிறவர்களுக்கும் இறக்கம்தான். பால்காரர்கள் சைக்கிளோடு காத்திருந்தார்கள். கட்டைவண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்து வண்டியின் பின்னால் கட்டிவிட்டு, ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பசவராஜுக்குக் கரிச்செலவு பாதியாகியது. எதிர்த் திசையில் வண்டி தள்ளிக்கொண்டு, குனிந்து, மூச்சிரைத்து ஏறி வந்த ஆட்களையும் பூவாத்தாள் பார்க்கத்தான் செய்தாள். இறக்கத்தில் போகிறவர்களுக்கு எதிரே ஏறி வருகிறவர்கள் புதிதாகத் தெரிவதில்லை.

லைசென்ஸ் கொடுக்க வேண்டிய அதிகாரி சாம்பசிவன். அப்பா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். சட்டத்தில் நம்பிக்கையும், எதையும் ஒரு தடவை தானே தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிற குணமும் கொண்டவர். பொம்பளைக்கு லைசென்ஸ் கொடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை என்பதை அவர் ஐந்து நிமிஷத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. அதனால் சாமுண்டி மலைக்குப் போனார்கள். அடிவாரத்தில் பூவாத்தாள் பிரேக்கை விட்டாள். லாரி எஞ்சின் இல்லாமலே வளைவு வளைவாக இறங்கியது. இப்படியே இறங்கி இறங்கி அவர்கள் மலை உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். சாம்பசிவன் இறங்கி நின்று, கீழே சின்னதாகத் தெரிந்த அரண்மனையையும் ஏரிகளையும் வெகுநேரம் பார்த்தார். திரும்பிப் போகையிலும் இறக்கம்.

"ஏம்மா, உனக்கு மேடே கிடையாதா?"

"தெரியலைங்க சாமி. நடந்து போனா இருக்குதுங்க."

அவளைத் தோற்கடிக்க அவருக்கு மனசில்லை, ஜெயிக்க வைக்கச் சட்டத்தில் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சொந்தச் செலவில் அவளை ஒவ்வொரு மேடாகக் கூட்டிப்போனார். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலமேடு, ஹெப்பாள் கிராமத்து ஏரிக்கரை, லலிதமகாலுக்குப் போகும் சரிவு. ஒன்றும் பலிக்கவில்லை. அவர் வீட்டில் அவருடைய மனைவி வாலாம்பாள், இத்தனை எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்குமளவுக்கு, டயருக்கு முன்னால் வைத்துப் பார்க்க அவரும் பழங்களை வாங்கித் தள்ளினார்.

அப்போது கும்பல் நரசீபுரத்து ரோட்டில், வருணா அருகே வேலை செய்துகொண்டிருந்தது. அந்த வழியே போகும்போதெல்லாம் பூவாத்தாள் ஹாரன் அடிப்பாள், பெண்கள் கல்லிலிருந்து தலை தூக்கிக் கையசைப்பார்கள். சில தடவையாக மாரக்காளைக் காணவில்லை. ஒரு மத்தியானம் லாரியை ஓரம் கட்டிவிட்டுக் குடிசைக்குள் போனாள். மாரக்காள் படுத்திருந்தாள். வலது பாதத்தில் பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது, கட்டையும் மீறி வீங்கியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"கைவண்டி பின்னால உருண்டுருச்சு. முழுக்க ஜல்லி."

"அந்த எடம் மட்டமாத்தான இருக்குது? நாமதான பரப்புனோம்?"

மாரக்காள் கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீ வாரப்ப மட்டமா இருக்காது புள்ள. நீ அந்தப் பக்கமிருந்து எறங்கி வந்தா, இந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு அது மேடுதான?"

"எப்ப இருந்துக்கா?"

"நீ வண்டி எடுத்த மொத நாள்ல இருந்து."

"ஏனக்கா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ எறங்கிருவ. நம்மள்ல ஒருத்தி மேல ஒக்காந்து போறா, போவட்டும்னு எல்லாருஞ் சேந்து சும்மா இருந்தோம்."

பூவாத்தாள் அவள் பாதத்தைத் தொட்டாள். மாரக்காள் காலை இழுத்துக்கொண்டாள், வலியினால். வெளியே பெண்கள் கல் உடைக்கிற சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது. அவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளியே வந்து லாரியைத் தாண்டி நடந்தாள். "எல்லி ஹோக்தி? எங்கே போறே?" என்று பசவராஜ் சீட்டிலிருந்து கத்தினார். அவள் திரும்பவில்லை. மைசூர்வரை நடந்தே போனாள், அன்று அந்த ரோட்டில் இறக்கம் வந்த இடத்தில் இறக்கமும் மேடு வந்த இடத்தில் மேடும் இருந்தன. ராகி மூட்டைகளோடு லாரி வருணாவிலேயே நின்றது. காவலுக்குப் பசவராஜும் அங்கேயே படுத்துக்கொண்டார்.

சாம்பசிவன் வீட்டு வாசலில் நின்று, தனக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அவள் சொன்னாள். காரணத்தைக் கேட்டதும் அவர் முகம் முதலில் வாடியது, அடுத்த நிமிஷமே பிரகாசமானது. ஏற்றம் இருக்கிறது, இத்தனை நாள் அதை லாரிக் கண்ணாடியின் தவறான பக்கத்தில் உட்கார்ந்து தேடியிருக்கிறோம். "ஒரே ஒரு தடவை ஓட்டும்மா, நான் எதிர்ல வரேன்" என்று கெஞ்சினார். மறுநாள் வருணாவுக்குப் போய், ஆளில்லாத ஒரு நேர்ரோட்டின் மறுமுனையிலிருந்து சைக்கிளில் வந்தார். லாரி நகர்ந்ததும் அவர் இறங்கி, சைக்கிளைத் தள்ளி, வேட்டி கால்களில் சிக்க, மலையேறுகிறவர்போல வந்தார். கை காட்டினார். அவள் நிறுத்தினாள். அவர் நிமிர்ந்து நின்று, ஏறி மிதித்து இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார். மறுபடி கை காட்டினார். அவள் நகர்த்தினாள், அவர் குனிந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், வியர்வையில் சட்டை ஒட்ட, சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பூவாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தடவை அவர் குனியும்போதும் அவள் அதில் மாரக்காளைப் பார்த்தாள். நாலாந் தடவை அவர் நிமிர்ந்தபோது எட்டிக் கேட்டாள்.

"நா நின்னா மட்டமாயிருதுங்களா?"

"நின்னா சமம்மா. சுத்த சமம்!"

"அப்ப நின்னுக்கறனுங்க" என்றாள்.

பரீட்சை நரசீபுரத்துச் சந்தை நாளில் நடந்தது. எதிரே சந்தைக் கூட்டம் வந்துகொண்டே இருக்கும் நாள் என்பதால் சாம்பசிவன் அதைத் தேர்ந்தெடுத்தார். முழுப் பாரம். எதிரே யார் வந்தாலும், தலைச்சுமைக்காரி வந்தாலும், மேடு அவர்கள் காலில் படுமுன் லாரி நிற்க வேண்டும். மற்ற டிரைவர்கள் ஒரு மேட்டில் ஒரு தடவை நிறுத்தி லைசென்ஸ் வாங்கினார்கள்; அவள் அந்த ஒரு நாளில் செங்குத்தான இறக்கத்தில் பாரத்தோடு ஓயாமல் நிறுத்திக்கொண்டே போனாள். பிரேக்கிலிருந்து புகை வந்தது. தண்ணீர் ஊற்றி ஆற வைத்து மறுபடி எடுத்தாள். நரசீபுரத்துக்கு முந்தின புளியமர வளைவில், ஜடையன் என்பவனின் மண்பானை வண்டி திடீரென்று முகத்துக்கு நேரே வந்தது. பானைகள் வைக்கோலில் கோபுரமாக அடுக்கியிருந்தன. பின்பக்கம் சாய்ந்தால் ஒன்று மிஞ்சாது. பூவாத்தாள் கியரைக் குறைத்து, இரண்டு கையாலும் கம்பியை இழுத்து, இடது டயரை ரோட்டோரத்து மண்ணில் இறக்கினாள். பசவராஜ் கண்ணை மூடிக்கொண்டார். லாரி மாடுகளின் மூக்குக்கு முன்னால் நின்றது. நுகத்தடி அசையவில்லை. பானை ஒன்றோடொன்று லேசாக உரசுகிற சத்தம்கூட இல்லை.

ஜடையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனம்மா, நடு ரோட்டுல நின்னுக்கிட்டு? போறதுன்னா போ!"

"நீங்க போங்கண்ணா மொதல்ல" என்றாள் பூவாத்தாள். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. வண்டி கடந்து வளைவில் மறைந்ததும், சாம்பசிவன் பரீட்சை முடிந்தது என்றார். பசவராஜ் சந்தேகத்தோடு, ஏற்றத்தில் நிறுத்திக் காட்டவில்லையே என்று கேட்டார். "ஏற்றத்துல நிறுத்தணும்னுதான் சட்டம் சொல்றது. யாரோட ஏற்றம்னு சொல்லலை" என்றார் சாம்பசிவன்.

மாரக்காளின் பாதம் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கல் வேலைக்கு ஆகாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவள் லாரியில் கிளீனராக ஏறினாள். கரி அடுப்பைக் கிளறுவாள், மிச்ச நேரம் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு எதிரே பார்ப்பாள். "ஆளு!" என்று அவள் கத்தினால் லாரி நிற்கும். பூவாத்தாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. மாரக்காளும் கால் வலிக்கிற நாட்களில் வலியைச் சொல்லாமல் இருந்ததில்லை. பனிக்காலத்தில் தினமும் சொன்னாள். பூவாத்தாள் கேட்டுக்கொண்டு ஓட்டினாள்.

நரசீபுரம் போய்வர ஒரு நாள் ஆனது இரண்டு நாளாயிற்று. "லாரி நிக்கறதுக்கா வாங்கினேன்?" என்று பசவராஜ் சத்தம் போட்டார். வேறு டிரைவர் கிடைக்காததால் சத்தத்தோடு நின்றார். நின்ற இடங்களில் ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். எந்தச் சந்தையில் மாட்டுக்கு நோய், எந்த ஊரில் ரேஷன் ராகியில் கல், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்பதெல்லாம் லாரியின் முன்னால் கைமாறியது. தபாலைவிட அது நம்பிக்கையாக இருந்தது. சண்டை முடிந்து, பழைய டிரைவர்களில் ஒருவன் பர்மாவிலிருந்து திரும்பி வந்து தன் லாரியைக் கேட்டான். பசவராஜ் அவனுக்குப் பட்டாளம் ஏலம் விட்ட ஒரு லாரியை வாங்கிக் கொடுத்தாரே தவிர, பூவாத்தாளை இறக்கவில்லை. கரி மிச்சம் என்று காரணம் சொன்னார். அதற்குள் பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்து, கரிப் பீப்பாயைக் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் அந்தக் காரணத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பசிவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று வாலாம்பாளையும் சாமான்களையும் ரயிலுக்குக் கொண்டுபோனது பூவாத்தாள்தான். ஸ்டேஷன்வரை இறக்கம்.

1947ஆம் வருஷம் வெயில் காலத்தில், பன்னூர் பிரிவுக்கு அருகே, எதிரே ஒரு புது லாரி வந்தது. மாரக்காள் கத்தினாள், பூவாத்தாள் நிறுத்தினாள். புது லாரிக்காரன் பெங்களூர்ப் பக்கத்து ஆள், அந்த ரோட்டுக்குப் புதிது. ரோட்டில் தாராளமாக இடமிருந்தும் எதிர்வண்டி நிற்பதைப் பார்த்து அவனும் நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று கேட்டான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் மாரக்காள். "இவ ஓட்டுனா ரோடு சாயும். உனக்கு மேடாயிரும். நீ மொதல்ல போ கண்ணு."

"ஓஹோ" என்றான் அவன். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைசூரில் டயர் கிடைக்கிறதா என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை சரக்கு வரும் என்று பூவாத்தாள் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுக் கடந்துபோனான். அவனுடைய புழுதி அடங்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு ரோடு சாய்ந்தது, லாரி போயிற்று.